ஒண்ணேகால் டாலர் சிப்பாய்

போன நவராத்திரிக்கு எங்க வீட்டு கொலுவுல ஒரு சின்ன பஞ்சாயத்து. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாங்க. அஞ்சு படி. மேலே கலசம், கீழே செட்டியாரும் செட்டியாரம்மாவும், அவங்க மளிகைக்கடை. படிக்குப் பக்கத்துல பையன் பொறுப்பில் ஒரு பார்க். கடுகு முளைக்கவெச்ச புல்வெளி, முகம் பார்க்கிற கண்ணாடியில குளம், நாலு வாத்து. இதோட விட்டிருக்கலாம். டாலர் கடையில வாங்கின நாலு பிளாஸ்டிக் சிப்பாய்களைக் கொண்டாந்து செட்டியார் கடை வாசல்ல காவலுக்கு நிறுத்திட்டான். கையில துப்பாக்கி, தலையில ஹெல்மெட், முதுகுல மூட்டை.

தங்கமணிக்குப் பிடிக்கலை. "துப்பாக்கியெல்லாம் சாமி கிட்ட வைக்கக்கூடாது, எடுடா"ன்னாங்க.

அம்மா பேரனை விட்டுக்கொடுப்பாங்களா? "ஏம்மா, துர்க்கை கையில மட்டும் என்ன பூவா இருக்கு? பொம்மைதானே, இருந்துட்டுப் போகட்டும்."

"இல்ல அத்தை, அது சூலம். இது துப்பாக்கி."

இதுக்கு நடுவுல ஏழு வயசுப் பையன் ஒரே போடா போட்டான். "பாட்டி, இது பொம்மை இல்ல. ஆக்‌ஷன் ஃபிகர்!"

நான் வழக்கம்போல வாயைத் திறக்கலை. ஆனா பையன் சொன்னது மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு. இது பொம்மையா, இல்லையா? சிரிக்காதீங்க மக்களே. இதே கேள்விக்காக அமெரிக்காவுல கோர்ட்டு வரைக்கும் போயிருக்காங்க. அதைத் தேடப் போய், ஒண்ணேகால் டாலர் சிப்பாய்க்குப் பின்னாடி இவ்வளவு பெரிய கதையான்னு ஆகிப்போச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த "ஆக்‌ஷன் ஃபிகர்"ங்கிற வார்த்தை. அது எங்கிருந்து வந்துச்சு?

1959-ல் பார்பி வந்தாச்சு. பார்பியோட வியாபார சூட்சுமம் பார்பியில இல்லை, அவளோட துணிமணியில இருந்தது. பொம்மையை ஒருதடவை வித்துட்டா, அப்புறம் வருஷம் பூரா கவுன், செருப்பு, கைப்பைன்னு வித்துக்கிட்டே இருக்கலாம். சவர ரேஸரை மலிவா குடுத்துட்டு பிளேடுல காசு பாக்கிற கதை. இதைப் பார்த்துக்கிட்டிருந்த ஸ்டான் வெஸ்டன்ங்கிற ஒரு லைசென்ஸ் ஏஜெண்டுக்கு 1963-ல் ஒரு யோசனை. பையன்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணா என்ன? பையன் பொம்மைக்கு கவுன் வாங்க மாட்டான். ஆனா சிப்பாய்க்கு யூனிஃபார்ம் வாங்குவான், துப்பாக்கி வாங்குவான், கூடாரம் வாங்குவான். யூனிஃபார்ம்னா அது டிரஸ் இல்லையாம். என்ன ஒரு மூளை பாருங்க!

ரோட் ஐலண்ட் மாநிலத்துல ஹாஸ்ப்ரோ கம்பெனியில இருந்த டான் லெவின் கிட்ட இந்த யோசனை போச்சு. அப்போ "தி லெஃப்டினன்ட்"னு ஒரு டிவி தொடர் வந்துக்கிட்டிருந்தது. (பின்னாளில் ஸ்டார் டிரெக் எடுத்த ஜீன் ராடன்பெரியோட தொடர்.) அதை ஒட்டி ஒரு பொம்மைங்கிறது ஆரம்பத்துல பேச்சு. பிறகு, தொடர் நின்னுபோனா பொம்மையும் நின்னுபோகுமேன்னு தொடரை விட்டுட்டு பொம்மையை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. ஓவியம் படிக்கிறவங்க கை காலை மடக்கி வெச்சு வரையற மர மனுஷன் ஒண்ணு இருக்குமே, அதை ஒரு கடை ஜன்னல்ல பார்த்துத்தான் மூட்டு மூட்டா மடங்குற உடம்பு லெவினுக்குத் தோணினதுன்னு சொல்வாங்க. வெஸ்டன் ராயல்டி எதுவும் வேண்டாம்னு மொத்தமா 1 லட்சம் டாலருக்கு யோசனையை வித்துட்டார். அப்புறம் அந்த பொம்மை சம்பாதிச்சதை நினைச்சா வயிறு எரிஞ்சிருக்கும்.

1964-ல் ஜி.ஐ. ஜோ கடைக்கு வந்தான். 12 அங்குலம், 21 அசையும் பாகங்கள். ஆனா ஒரு பெரிய பயம் இருந்துச்சு. பையனுக்கு எந்த அப்பன் பொம்மை வாங்கிக் கொடுப்பான்? அதனால கம்பெனிக்குள்ள "பொம்மை"ங்கிற வார்த்தையை யாரும் வாயில எடுக்கக்கூடாதுன்னு கண்டிப்பு. அதுக்குப் பதிலா கண்டுபிடிச்ச வார்த்தைதான் ஆக்‌ஷன் ஃபிகர். ஆக, என் பையன் பாட்டிகிட்ட சொன்ன பதில் 1964-லேயே விற்பனையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம்!

தமிழ்ல இந்த வம்பே கிடையாது பாருங்க. இங்கிலீஷ்ல பெண் குழந்தை வெச்சு விளையாடற மனுஷ உருவத்துக்கு ஒரு வார்த்தை, மத்த விளையாட்டுச் சாமானுக்கு ஒரு வார்த்தை. நமக்கு ரெண்டும் பொம்மைதான். மரப்பாச்சியும் பொம்மை, ரயிலும் பொம்மை, கோயில் கோபுரத்துல இருக்கிறதும் பொம்மை. எங்கம்மாவுக்கு அந்த வித்தியாசம் புரியாததுல ஆச்சரியமே இல்லை.

சரி, சாமான்களுக்கு வருவோம். ஜோவை வாங்கினா அவன் கூட வர்றது சாதா உடுப்பு, தொப்பி, பூட்ஸ் அவ்வளவுதான். துப்பாக்கி தனி. கூடாரம் தனி. மணல் மூட்டை, ரேடியோ, தண்ணிக் குடுவை, மண்வெட்டி எல்லாம் தனித்தனி பாக்கெட். ஜோவோட ஒரிஜினல் விளையாட்டே, அவனுக்கு என்ன இல்லைன்னு பையன் கண்டுபிடிச்சு அப்பா கிட்ட கேக்கறதுதான். நம்ம செட்டியார் பொம்மையும் அப்படித்தானே? செட்டியார் தனியா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு? முன்னாடி குட்டிக் குட்டிக் கிண்ணத்துல அரிசி, துவரம்பருப்பு, மிளகாய், வெல்லம் வெச்சாத்தான் கடை. என்ன, செட்டியாருக்கு சாமான் நம்ம வீட்டு சமையலறையிலிருந்தே வந்துடும். ஜோவுக்கு கடைக்குப் போகணும்.

விற்பனை பிச்சுக்கிட்டுப் போச்சு. போனா என்ன ஆகும்? காப்பி வரும். இங்கதான் டாலர் கடைக் கதையோட விதை விழுது.

மனுஷ உடம்பு யாருக்கும் சொந்தமில்லை. ரெண்டு கை ரெண்டு காலுக்கு எவன் காப்பிரைட் வாங்க முடியும்? அதனால ஜோவோட கன்னத்துல ஒரு வெட்டுத் தழும்பு போட்டாங்க. அதுதான் வர்த்தக முத்திரை. வீரனுக்கு அழகுன்னு நாம நினைக்கிற தழும்பு, வக்கீலுக்காகப் போட்ட தழும்பு. இன்னொண்ணு, வலது கை கட்டைவிரல்ல நகம் தப்பான பக்கம் இருக்கும், உள்பக்கம். அது தவறுதலா நடந்ததுன்னும், எவனாவது அப்படியே அச்சு எடுத்தா அந்த நகமே காட்டிக்கொடுத்துடும்னு திருத்தாம விட்டதாவும் சொல்றாங்க. மூட்டு மடங்குற அமைப்புக்கு 1966-ல் பேட்டண்டும் கிடைச்சுது. அதே 1966-ல் இங்கிலாந்துல பாலிடாய் கம்பெனி முறைப்படி உரிமை வாங்கி "ஆக்‌ஷன் மேன்"னு விட்டாங்க. அவனுக்கும் கன்னத்துல அதே தழும்பு. உரிமை வாங்காத மத்தவங்க ஹாங்காங்ல தழும்பில்லாம விட்டாங்க.

இதுக்கு நடுவுல நிஜப் போர் ஒண்ணு நடந்துக்கிட்டிருந்தது. ஜோ பிறந்த அதே 1964 ஆகஸ்ட்ல டோங்கின் வளைகுடா சம்பவம். அப்புறம் வியட்நாம்ல அமெரிக்கா ஆழமா இறங்கிடுச்சு. ராத்திரி டிவி செய்தியில பெட்டிகள் வந்து இறங்குறதைப் பார்த்துட்டு, காலையில கடைக்குப் போய் சிப்பாய் பொம்மை வாங்க எந்த அம்மாவுக்கு மனசு வரும்? 1970 வாக்குல ஜோ ராணுவத்திலிருந்து விலகி "சாகசக் குழு"வுல சேர்ந்துட்டான். புதையல், முதலை, மம்மின்னு சுத்த ஆரம்பிச்சான். துப்பாக்கிக்குப் பதிலா வலையும் ஜீப்பும். 1973-ல் எண்ணெய் நெருக்கடி. பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளே எண்ணெய்தான். 12 அங்குல உடம்பு கட்டுபடியாகலை. 1976-ல் அவன் கதை முடிஞ்சுது.

ஆனா செத்தது உயரம்தான், சரக்கு சாகலை. 1978-ல் கென்னர் கம்பெனி ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை 3¾ அங்குலத்துல விட்டாங்க. உடம்பு சின்னதானா பிளாஸ்டிக் மிச்சம். அதை விட முக்கியம், வண்டியும் விமானமும் அந்த அளவுக்குச் செய்ய முடியும். 12 அங்குல ஆளுக்கு விமானம் செஞ்சா வீட்டுக்குள்ள வராது. 1982-ல் ஜி.ஐ. ஜோவும் இதே 3¾ அங்குலத்துல திரும்பி வந்தான். இப்போ ஒரு ஆள் இல்லை, ஒரு படையே. 1985-ல் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் விட்டாங்க, ஏழரை அடி நீளம்! அதை நிறுத்தி வைக்க ஒரு அறை வேணும்.

இந்த 1982 படையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அட்டைதான். பாக்கெட்டுக்குப் பின்னாடி ஒவ்வொருத்தனுக்கும் வெட்டி வெச்சுக்கிற மாதிரி ஒரு குறிப்பு அட்டை. நிஜப் பேரு, பிறந்த ஊரு, என்ன வேலைக்குப் பயிற்சி, குணம் எப்படி எல்லாம் அதில். பெரும்பாலும் எழுதினது லாரி ஹாமான்னு ஒருத்தர். காமிக்ஸும் அவர்தான் எழுதினார். வியட்நாம் காலத்துல ராணுவத்துல இருந்தவர். டியூக்குனு ஒருத்தன், செயின்ட் லூயிஸ்காரன். ஸ்கார்லெட்டுன்னு ஒரு பொண்ணு, அட்லாண்டாக்காரி. நாலு அங்குலம்கூட இல்லாத பிளாஸ்டிக்குக்கு ஒரு ஊரும் ஒரு பேரும் கொடுத்துட்டா, அப்புறம் அது தொலைஞ்சா பையன் அழுவான். இன்னொண்ணு வாங்கித் தரணும். :-)

இந்த அட்டையை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி வேணும்.

இப்போ கோர்ட்டு. இந்த 3¾ அங்குல ஆட்கள் வெளிநாட்டுல தயாராகி அமெரிக்காவுக்கு இறக்குமதி ஆனாங்க. சுங்க இலாகா, "இது மனுஷ உருவம், அதனால பொம்மை, அதுக்கான தீர்வையைக் கட்டு"ன்னுச்சு. பொம்மைக்குத் தீர்வை அதிகம். கம்பெனி, "பொம்மையே இல்லை"ன்னு வழக்கு போட்டுது. சர்வதேச வணிக நீதிமன்றத்துல தோத்து, மேல்முறையீட்டுக்குப் போய் 1989-ல் அங்கேயும் தோத்தாங்க. தீர்ப்பு, ஜி.ஐ. ஜோ பொம்மைதான். கால் நூற்றாண்டு கட்டிக்காப்பாத்தின வார்த்தை, சுங்கக் கவுண்டர்ல உடைஞ்சுபோச்சு.

இதுக்கு ஒரு பின்கதையும் உண்டு. 2003-ல் இன்னொரு கம்பெனி, எக்ஸ்-மென் பொம்மைகளுக்காக அதே நீதிமன்றம் போய் ஜெயிச்சுது. எப்படி? எக்ஸ்-மென்கள் மனுஷங்களே இல்லை, பிறழ்வுகள். மனுஷ உருவம் இல்லைன்னா பொம்மை இல்லைன்னு வாதம். 12 சதவீதத் தீர்வை 6.8 சதவீதமா குறைஞ்சுது. "நாங்களும் மனுஷங்கதான்"னு காமிக்ஸ் பூரா போராடுற பாவப்பட்ட ஜென்மங்களை, தீர்வைக்காக மனுஷன் இல்லைன்னு சொல்லி ஜெயிச்சிருக்காங்க. சட்டம்னா சட்டம்.

எங்க வீட்டு வழக்குல எக்ஸ்-மென் யாரும் இல்லாததால, 1989 தீர்ப்புப்படி அம்மா பக்கம் ஜெயம்.

சரி, டாலர் கடைக்கு எப்போ வருவன்னு கேக்கறீங்க. வந்தாச்சு.

மலிவு சிப்பாய்க்கு ரெண்டு பரம்பரை. ஒண்ணு பச்சை சிப்பாய்கள். 1938-ல் பெட்டான்னு அழைக்கப்பட்ட பெர்கன் டாய் கம்பெனி அமெரிக்காவுல முதல்முதலா பிளாஸ்டிக்ல சிப்பாய் செஞ்சுது. அதுவரைக்கும் ஈயமும் மத்த உலோகமும்தான். போருக்கு அப்புறம் 1950-கள்ல மார்க்ஸ் மாதிரி கம்பெனிகள் பை பையா வித்தாங்க. அமெரிக்கச் சீருடை நிறத்துல பச்சை, மூட்டு கிடையாது, பெயிண்ட் கிடையாது, அடியில நிக்க ஒரு தகடு. துப்பாக்கி கையோடவே வார்த்தது, தொலையாது. காமிக்ஸ் புத்தகப் பின்னட்டையில 100 சிப்பாய் ஒண்ணேகால் டாலர்னு விளம்பரம் வரும். தபால்ல வந்தா தோசை மாதிரி தட்டையா இருக்கும், அது வேற கதை. 1995-ல் டாய் ஸ்டோரி படம் வந்து இவங்களுக்கு மறுவாழ்வு. 2019-ல் ஒரு சின்னப் பொண்ணு "ஏன் பொண்ணு சிப்பாயே இல்லை"ன்னு கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினா. அதுக்கு அப்புறம் பென்சில்வேனியாவுல இருக்கிற பி.எம்.சி. டாய்ஸ் பெண் சிப்பாய்களையும் வார்த்தாங்க, 2020-ல் வந்துச்சு. 80 வருஷம் ஆச்சு அதுக்கு.

ரெண்டாவது பரம்பரை, ஜோவோட நிழல்கள். 3¾ அங்குலம் ஹிட் ஆனதும், அதே அளவுல, அதே வண்டியில உக்கார்ற மாதிரி, ஆனா விலை பாதிக்கும் கீழேன்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. ஹாங்காங்கோட லனார்ட் கம்பெனி 1986-ல் "தி கோர்ப்ஸ்"னு ஒரு படை விட்டுது. போலியை விட இது ஒரு தனி ஜாதி. பேர் வேற, முகம் வேற, பெட்டி வேற. பல வருஷம் நின்னு விளையாடினாங்க. சாமான் விஷயத்துல மட்டும் ஒருதடவை மாட்டினாங்க. அவங்க விட்ட பொம்மை ராணுவ வண்டி நிஜ ஹம்மர் மாதிரியே இருக்குன்னு ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கு போட, 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மோட்டார் கம்பெனிக்குச் சாதகமா தீர்ப்பு சொல்லுச்சு. மனுஷ உடம்பை யார் வேணா காப்பியடிக்கலாம், வண்டியோட முன்பக்கத்தை அடிக்க முடியாது. இன்னொரு ஹாங்காங் கம்பெனி தன்னோட படைக்கு வெச்ச பேர் "வேர்ல்ட் பீஸ்கீப்பர்ஸ்". உலக அமைதி காப்போர். கையில ஆளுக்கு ரெண்டு இயந்திரத் துப்பாக்கி!

இவங்களுக்கெல்லாம் இடம் கொடுத்தது டாலர் கடைகள். ஒரே விலைக் கடை அமெரிக்காவுக்குப் புதுசு இல்லை. 1879-லேயே உல்வொர்த் 5 சென்ட் கடை வெச்சார். 1955-ல் கென்டக்கியில முதல் டாலர் ஜெனரல். ஆனா நம்ம கதைக்கு நெருக்கமானது டாலர் ட்ரீ. வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக்ல ஒரு பலசரக்குக் கடை வெச்சிருந்த குடும்பம், 1970-ல் "கே அண்ட் கே டாய்ஸ்"னு பொம்மைக் கடை ஆரம்பிச்சு, அது பெருசா வளர்ந்து, 1986-ல் பக்கவாட்டுல "ஒரே ஒரு டாலர்"னு ஒரு கடை போட்டாங்க. 1991-ல் பொம்மைக் கடைகளை வித்துட்டு முழுசா டாலர் பக்கம் வந்துட்டாங்க. 1993-ல் பேர் டாலர் ட்ரீன்னு மாறுச்சு. ஆக, அந்த டாலர் கடையே ஒரு பொம்மைக் கடைக்குப் பிறந்த பிள்ளைதான். 2021-ல் விலை ஒரு டாலரிலிருந்து ஒண்ணேகால் ஆச்சு. பழைய காமிக்ஸ் விளம்பரத்துல 100 சிப்பாய் வந்த அதே காசு.

ஒரே விலைக் கடையோட விதி தலைகீழ். சாதாரணமா ஒரு பொருளைச் செஞ்சு, செலவைக் கூட்டி, லாபம் வெச்சு விலை எழுதுவோம். இங்க முதல்லயே விலையை எழுதிடணும். அப்புறம் அந்த விலைக்குள்ள அடங்கற வரைக்கும் ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே வரணும்.

எதை எதைக் கழட்டினாங்கன்னு பார்க்க, கொலுவில நின்ன ஒருத்தனை எடுத்து மேசை மேல வெச்சுக்கிட்டு எழுதறேன். கழுத்து, ரெண்டு தோள், ரெண்டு இடுப்பு, மொத்தம் அஞ்சு மூட்டு. முட்டி கிடையாது, முழங்கை கிடையாது. ஒவ்வொரு மூட்டுக்கும் கூடுதலா ஒரு துண்டு வார்க்கணும், ஒரு ஆள் கையால சேர்க்கணும், அதான். 1982 ஜோவுக்கு இடுப்புக்குள்ள ஒரு ரப்பர் வளையமும் முதுகுல ஒரு திருகாணியும் இருந்துச்சு, உடம்பு நாலா பக்கமும் திரும்பும். இவனுக்கு இடுப்பும் நெஞ்சும் ஒரே கட்டை. பெயிண்ட் முன்பக்கம் மட்டும். பூட்ஸுக்கு முன்னாடி கறுப்பு, பின்னாடி காக்கி. முகத்துல கண்ணுக்கு ஒரு பொட்டு, புருவத்துக்கு ஒரு கோடு, அதுவும் ஒரு மில்லிமீட்டர் தள்ளி அடிச்சிருக்கு. ஒரு நிறம் கூடினா ஒரு தடவை கூட அச்சு வெக்கணும்.

சாமான்கள் இன்னும் தமாஷ். ஹெல்மெட், மூட்டை, ரெண்டு துப்பாக்கி, ஒரு தடுப்புச் சுவர் எல்லாம் ஒரே கறுப்பு. ஒரே அச்சுல ஒரே கொத்தா வார்த்து, மாங்காய் மாதிரி பறிச்சுப் போட்டிருக்காங்க. காம்பு கிள்ளின தழும்பு ஒவ்வொண்ணிலும் இருக்கு. மெத்துன்னு இருக்கிற பிளாஸ்டிக், துப்பாக்கிக் குழாய் வாடின முருங்கைக்காய் மாதிரி வளைஞ்சு நிக்குது. கூட ஒரு மோட்டார் பைக்கும் உண்டு. ஆனா முட்டி மடங்காததால அவன் அதுல உக்கார முடியாது. காலை முன்னாடி நீட்டிக்கிட்டு திண்ணையில சாஞ்ச பெரியப்பா மாதிரிதான் ஓட்டுவான். ஜோவுக்கு சாமான்தான் வியாபாரம்னு சொன்னேன் இல்லையா? இங்க சாமான் பாக்கெட்டை நிரப்பத்தான். பை குண்டா தெரியணும், அவ்வளவுதான்.

முதுகைத் திருப்பினேன். பேர் இல்லை. ஊர் இல்லை. அட்டைக்குப் பின்னாடி மூச்சுமுட்டும்னு ஒரு எச்சரிக்கை. தொடைக்குப் பின்னாடி மூணே சொல், "மேட் இன் சைனா".

இங்கதான் எனக்கு எழுதற கை நின்னுபோச்சு. இவ்வளவு நேரம் கழட்டினது எல்லாம் பொம்மையிலிருந்து. பொம்மை செய்யற ஆள்கிட்டேயிருந்து என்னத்தைக் கழட்டினாங்க?

1993 மே 10. தாய்லாந்துல, பாங்காக்குக்குப் பக்கத்துல நகோன் பாத்தோம் மாகாணத்துல கேடர் பொம்மைத் தொழிற்சாலை. அமெரிக்கா மாதிரி பணக்கார நாடுகளுக்கு பஞ்சு பொம்மையும் பிளாஸ்டிக் பொம்மையும் செஞ்ச இடம். சாயங்காலம் தீ பிடிச்சுது. கதவுகள் பூட்டியிருந்தது. கட்டடத்தைத் தாங்கின இரும்புத் தூண்களுக்கு தீயைத் தாங்கிற காப்பு எதுவும் போடலை, கொஞ்ச நேரத்துல முழுக்க சரிஞ்சுது. 188 பேர் செத்தாங்க. பெரும்பாலும் இளம் பெண்கள். மாடியிலிருந்து குதிச்சு கை கால் போனவங்க நூத்துக்கணக்குல.

அதே வருஷம் நவம்பர் 19. சீனாவுல ஷென்சென் நகரத்துல ஜிலி பொம்மைத் தொழிற்சாலை. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. வாசல்கள் பூட்டு. 87 பேர். கிட்டத்தட்ட எல்லாரும் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்கள். திருட்டு போகக்கூடாதுன்னு பூட்டி வெக்கறது அப்போ அங்க பல இடத்துல வழக்கம். எதைத் திருடுவாங்க? பொம்மையை.

என் மேசை மேல நிக்கிறவன் அந்த இடங்கள்ல பிறந்தவன்னு நான் சொல்ல வரலை. இது நடந்து 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. விலை உயர்ந்த பொம்மையும் அதே மாதிரி ஊர்கள்லதான் தயாராச்சு, அதனால டாலர் கடையை மட்டும் குத்தம் சொல்றதும் நியாயம் இல்லை. ஆனா ஒரு விஷயம் உறுத்துது. ஜிலியில வேலை பார்த்த பெண்களுக்கு வந்த கடிதங்கள் பிறகு ஆராய்ச்சியாளர்கள் கைக்குக் கிடைச்சு, அதை வெச்சு கட்டுரையே எழுதியிருக்காங்க. சம்பளம் வந்துச்சா, சாப்பாடு எப்படி, வேற எங்கயாவது வேலை இருக்கா, உடம்பைப் பாத்துக்கோ. நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு நாம எழுதினதுதான். அட்டையில டியூக்குக்கு ஒரு ஊரும் பேரும் கற்பனை பண்ணி எழுதின அதே தொழில்ல, நிஜ ஊரும் நிஜப் பேரும் இருந்தவங்க தீயில போன பிறகுதான் அவங்க பெட்டியில இருந்த கடிதத்தை யாரோ படிச்சாங்க.

இன்னும் ஒரே ஒரு சம்பவம் சொல்லிட்டு கொலுவுக்குத் திரும்பறேன். 2005 பிப்ரவரி 1. இராக்குல ஒரு அமெரிக்கச் சிப்பாயைப் பிடிச்சுட்டோம், கைதிகளை விடலைன்னா தலையை வெட்டுவோம்னு ஒரு இணையதளத்துல போட்டோ வந்துச்சு. பின்னாடி கறுப்புத் துணி, முன்னாடி கை பின்னால கட்டின மாதிரி ஒரு சிப்பாய், தலைக்கு நேரா ஒரு துப்பாக்கி. செய்தி நிறுவனங்கள் உலகம் பூரா வெளியிட்டுடுச்சு. அமெரிக்க ராணுவம் எண்ணிப் பார்த்து, "எங்க ஆள் யாரும் காணாம போகலை"ன்னுச்சு. கொஞ்ச நேரத்துல டிராகன் மாடல்ஸ்னு ஒரு பொம்மைக் கம்பெனி, "அய்யா, இது எங்க சரக்கு மாதிரி இருக்கு"ன்னு சொல்லுச்சு. ஸ்பெஷல் ஆப்ஸ் கோடி. குவைத்துல இருக்கிற அமெரிக்க ராணுவ முகாம் கடைகள்ல விக்கறதுக்காகச் செஞ்ச 12 அங்குல பொம்மை. தலைக்கு நேரா நீட்டின துப்பாக்கியும் வேற எதுவும் இல்லை, அவன் பெட்டியில கூட வந்த சாமான்!

படிச்சதும் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரலை. அந்த போட்டோவைப் பார்த்துட்டு, இராக்குல பிள்ளை இருக்கிற எத்தனை அம்மாக்கள் டிவி முன்னாடி கொஞ்ச நேரம் மூச்சை நிறுத்தியிருப்பாங்க? பொம்மைன்னு தெரியற வரைக்கும் அவன் யாரோ ஒருத்தரோட பிள்ளை. தெரிஞ்ச பிறகு ஜோக்.

இப்போ கொலு. பஞ்சாயத்து எப்படி முடிஞ்சுதுன்னு சொல்லணும் இல்லையா?

அம்மாதான் தீர்ப்பு சொன்னாங்க, எந்த நீதிமன்றத்தையும் கேக்காம. சிப்பாய் பொம்மைதான், அதனால கொலுவுல இருக்கலாம். துப்பாக்கி ஆயுதம், அதனால ஆயுத பூஜைக்கு வரட்டும். அதுவரைக்கும் பூஜை அலமாரி டப்பாவுல இருக்கட்டும்.

ரெண்டு கட்சிக்கும் சம்மதம். ஆனா துப்பாக்கி இல்லாம அந்த நாலு பேரும், எதையோ பிடிக்க வந்து மறந்துபோன மாதிரி கையை வளைச்சுக்கிட்டு நின்னாங்க. பையனுக்குத் தாங்கலை. அம்மா எரிஞ்சு முடிஞ்ச ஊதுபத்திக் குச்சியை உடைச்சு ஆளுக்கு ஒண்ணு சொருகிவிட்டாங்க. கச்சிதமா உக்காந்துச்சு. ஒன்பது நாளும் செட்டியார் கடைக்கு குச்சி வெச்ச காவல். வந்தவங்க யாரும் ஒண்ணும் கேக்கலை. ஒரு மாமி மட்டும் "வாட்ச்மேன் நல்லா இருக்காங்களே, எங்க வாங்கினீங்க"ன்னாங்க. நான் கடை பேரைச் சொன்னேன். விலையைச் சொல்லலை.

ஆயுத பூஜை அன்னிக்கு என் மடிக்கணினி, ஸ்க்ரூடிரைவர், அரிவாள்மணை, கத்திரிக்கோல். அதுக்கு முன்னாடி வரிசையா குட்டித் துப்பாக்கிகள், ஒவ்வொண்ணுலயும் சந்தனம் குங்குமம் வெக்க இடம் பத்தாம மொத்தமா ஒரே பொட்டு. எட்டு இருக்கணும், ஆறுதான் இருந்துச்சு. ரெண்டு எங்கேன்னு தெரியலை. பையன் சோபாவுக்கு அடியில டார்ச் அடிச்சுத் தேடினான், கிடைக்கலை. வேற பாக்கெட் வாங்கித் தரவான்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சு, "வேணாம், குச்சியே போதும்"னான்.

கொலு எடுக்கும்போது அம்மா ஒவ்வொண்ணையும் பழைய துணியில சுத்தி அட்டைப் பெட்டியில வெச்சாங்க. மரப்பாச்சிக்குச் சுத்தின அதே மாதிரி இந்த நாலு பேருக்கும் தனித்தனியா சுத்தினாங்க. பெட்டி மேல என்னை எழுதச் சொன்னாங்க. எழுதினேன்: செட்டியார் 1, செட்டியாரம்மா 1, வாத்து 4, சிப்பாய் 4.

உங்க வீட்டு கொலுவுல இந்த மாதிரி விசா இல்லாம வந்து உக்காந்தவங்க யாராவது உண்டா? இருந்தா சொல்லுங்க. அவங்க முதுகையும் ஒருதடவை திருப்பிப் பாருங்க.